பேனாவை எப்போது எடுப்பது?

கேள்வி: கேப்டன் சார், நான் சரக்கு விமானம் ஓட்டுகிறேன். இரட்டை டர்போப்ராப். வயது 34, கேப்டனாகி 8 மாதம் ஆகிறது. இரவுதோறும் நான்கு செக்டார், அதாவது நான்கு பறப்பு, ஒவ்வொரு இடத்திலும் தரையில் 35 நிமிடம். கடந்த ஆறு வாரத்தில், கிளம்பும் முன் பார்க்க வேண்டிய காகிதங்களில் மூன்று முறை தப்பு செய்துவிட்டேன்.

முதலாவது, லோடு ஷீட் (விமானத்தின் எடைக் கணக்குத் தாள்) எடிஷன் 1இல் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைக் கீழே கொடுத்தேன். அப்புறம் கடைசி நேரத்தில் 1,140 கிலோ பேலட் (சரக்கு அடுக்கிய தட்டு) ஒன்று ஏறியது. எடிஷன் 2 வந்தது. அதைக் கிளிப்போர்டில் சொருகினேன், படிக்கவில்லை. பழைய எடைக்குக் கணக்கிட்ட புறப்பாட்டு வேகங்களோடு கிளம்பிவிட்டோம். மேலே போன பிறகுதான் தெரிந்தது. இறங்கியதும் என்னிடம் இருந்த எடிஷன் 1ஐக் கிழித்துப் போட்டுவிட்டு, எடிஷன் 2இல் கையெழுத்திட்டு உறையில் வைத்துவிட்டேன். இரண்டாவது, 1,850 லிட்டர் நிரப்பியதை டெக் லாகில் (விமானத்தின் பழுது, எரிபொருள் பதிவேடு) கிலோ கட்டத்தில் 1,850 என்று எழுதினேன். கோ-பைலட் கண்டுபிடித்துச் சொன்னபோது "தெரியும், விடுங்க" என்று எரிந்து விழுந்தேன். மூன்றாவது, மூன்று நாளுக்குள் சரிசெய்ய வேண்டிய ஒரு பழுதுக்கு நள்ளிரவோடு கெடு முடிந்திருந்தது. அதிகாலை 2 மணிக்கு அதே விமானத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் தூக்கம் போய்விட்டது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவனா? எனக்கென்று தனியாக ஒரு செக்லிஸ்ட் போட்டுக்கொண்டால் சரியாகுமா? அடுத்த வாரம் செக் ரைடு, அதாவது பறக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வு, இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி என்று கூப்பிடலாம் இல்லையா? நான் சரக்கு விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். உங்களுக்கு அப்பா வயது இல்லை, ஆனால் அண்ணன் வயதைத் தாண்டியவன்.

லாயக்கு பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மூன்று தவறையும் தேதி வரிசையில், எண்களோடு, கோ-பைலட்டிடம் எரிந்து விழுந்தது வரை எழுதியிருக்கிறீர்கள். லாயக்கில்லாதவன் இப்படி எழுத மாட்டான், அவனுக்குத் தான் செய்தது தப்பென்றே தெரிந்திருக்காது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த மூன்று தவறும் இல்லை. நான்காவதாக ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவசரம் என்கிறீர்கள். உண்மைதான். 1993இல் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தில், நேர நெருக்கடியால் நடந்த 125 நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் 63 விழுக்காட்டில் தவறின் விதை, விமானம் நகரும் முன்பே, புறப்பாட்டுக்குத் தயாராகும் நேரத்தில் விழுந்திருந்தது. முளைத்தது மட்டும்தான் பிறகு, ஓடுபாதையிலோ வானத்திலோ. சர்வதேசத் தாமதக் குறியீட்டுப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அதில் 21 என்பது சரக்கு ஆவணப் பிழைக்கென்றே ஒதுக்கிய எண். தனியாக ஓர் எண் ஒதுக்கும் அளவுக்கு இது சகஜம். அந்த எண்ணை உங்கள் பெயருக்கு நேரே எழுத விடக் கூடாது என்ற பயத்தில்தான் பாதிப் பேர் பாயாத குதிரையைச் சவுக்கால் அடிப்பது போல ஓடுகிறார்கள்.

ஆனால் அவசரம் எப்படித் தவறாக மாறுகிறது என்று பாருங்கள். நேரம் குறைந்தால் நாம் வேகமாகப் படிப்போம் என்று நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. படிப்பதையே நிறுத்திவிடுகிறோம். காகிதம் வந்ததா, வந்தது. கட்டங்கள் நிரம்பியிருக்கிறதா, நிரம்பியிருக்கிறது. கையெழுத்து. கூரியர்காரரிடம் பார்சல் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி. லோடு ஷீட்டில் கேப்டன் போடும் கையெழுத்துக்கு 'வந்து சேர்ந்தது' என்று பொருள் கிடையாது. 'இந்த எடை, இந்த எடை மையம், இந்த விமானம், இந்தப் பயணம், எனக்குச் சம்மதம்' என்று பொருள். உங்கள் மூன்று தவறிலும் காகிதம் உங்கள் கையில்தான் இருந்தது. எடிஷன் 2 கிளிப்போர்டில் இருந்தது. ரசீதில் லிட்டர் என்று அச்சடித்திருந்தது. டெக் லாகில் கெடு தேதி எழுதியிருந்தது.

அதனால் இன்னொரு செக்லிஸ்ட் வேண்டாம். காகிதத்தைப் படிக்க நேரமில்லாதவனுக்கு இன்னொரு காகிதம் மருந்தாகாது. ஒரு வாரத்தில் அதிலும் டிக் அடிக்கப் பழகிவிடுவீர்கள். நான் சொல்லப்போவது வேறு: காகிதத்தைப் பார்க்கும் முன் உங்கள் மனதில் ஒரு எண் இருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். 2004 அக்டோபர் 14, கனடாவின் ஹாலிஃபாக்ஸ். எம்.கே. ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம். அமெரிக்காவின் பிராட்லியில் இருந்து வந்து, ஹாலிஃபாக்ஸில் சரக்கும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்பியது. புறப்படும் எடை சுமார் 353 டன். ஆனால் மடிக்கணினியில் வேகங்களையும் இன்ஜின் விசையையும் கணக்கிட்டபோது, முந்தைய புறப்பாட்டின் எடையான சுமார் 240 டன்னே உள்ளே போயிருக்க வேண்டும் என்று கனடா விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது. 110 டன்னுக்கு மேல் வித்தியாசம். கிடைத்த வேகங்கள் குறைவு, விசையும் குறைவு. வால் ஓடுபாதையில் உரசியது, பாதையின் முனையைத் தாண்டி ஒரு மண்மேட்டில் மோதியது. ஏழு பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. களைப்பும் ஒரு காரணம் என்றது அறிக்கை.

அந்தக் காக்பிட்டில் இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. 747ஐ 353 டன்னில் எடுத்தால் வேகம் எந்த அளவில் வரும் என்று சும்மா கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி எழவில்லை. கணினி ஒரு வேகம் கொடுத்தது, அது அட்டையில் ஏறியது. கொடுக்கப்பட்ட எண்ணை, அதே இடத்தில் இருந்து பிறந்த இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டால் எப்போதும் பொருந்தும். தப்பான எடையில் இருந்து வந்த வேகம், தப்பான எடைக்குச் சரியாகத்தான் இருக்கும்.

ஐந்து வருடம் கழித்து, 2009 மார்ச் 20, மெல்போர்ன். எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340. 362.9 டன் என்று போட வேண்டிய இடத்தில் 262.9. ஒரே ஒரு இலக்கம், விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து எண். வால் தரையில் உரசி, ஓடுபாதை முடிந்த பிறகுதான் எழும்பியது. எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். அதற்கு முன் 2003இல் ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747க்கும் இதே கதை, அங்கும் 100 டன் குறைவு, அங்கும் வால் உரசல். மெல்போர்ன் விமானத்தில் கூடுதல் விமானிகளும் இருந்தார்கள். கண்கள் அதிகமாக இருந்தும் என்ன, எல்லாக் கண்ணும் அதே திரையைத்தான் பார்த்தன.

இப்போது உங்கள் விமானத்துக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்துக் காலி எடை 12.5 டன் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த செக்டாருக்குச் சரக்கு 6.1 டன் என்று முன்னறிவிப்பு வந்திருக்கும். எரிபொருள் 2.4 டன் தேவை என்று விமானத் திட்டம் சொல்கிறது. கூட்டினால் 21 டன். இதை எங்கே கூட்ட வேண்டும்? தரையில், கதவு திறந்து மூட்டை இறங்கும் சத்தத்தில் இல்லை. முந்தைய செக்டாரில், மேலே சமநிலையில் பறந்துகொண்டிருக்கும்போது, உள்ளங்கை அளவு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் '21' என்று எழுதுங்கள். அதன் கீழே அந்த எடைக்கு வரவேண்டிய வேகத்தை, மேனுவலைத் திறக்காமல், அனுபவத்தில் இருந்து எழுதுங்கள். முப்பது வினாடி. தரையில் உங்களுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவில்லை.

லோடு ஷீட் வந்ததும் கண் தானாக அந்த 21ஐத் தேடும். 20.8 என்றால் சரி. 19.4 என்றால் மனசு உறுத்தும். அந்த உறுத்தலைத்தான் நான் உங்களுக்கு வாங்கிக்கொடுக்கப் பார்க்கிறேன். மனதில் எண் இல்லாதவனுக்கு எந்த எண்ணும் உறுத்தாது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முதல் தவறை இது மட்டும் பிடித்திருக்காது. அந்தப் பேலட் முன்னறிவிப்பிலேயே இல்லை. எடிஷன் 1 உங்கள் எண்ணோடு ஒத்துப்போயிருக்கும். அங்கே உதவுவது காகிதத்தைக் கொண்டுவந்தவரிடம் கேட்கும் ஒரு கேள்வி: "ஏற்றினது மொத்தம் எத்தனை?" சரக்கு ஏற்றும் பொறுப்பாளரான லோட்மாஸ்டர் வாயால் "ஏழு" என்பார். உங்கள் கையில் இருக்கும் தாளில் ஆறு இடத்தில்தான் எடை எழுதியிருக்கும். காகிதத்தைப் பார்த்துச் சொல்ல விடாதீர்கள். அவர் கை தள்ளிய பேலட்டை அவர் கை மறக்காது.

1,140 கிலோ என்பது 21 டன்னில் ஐந்து விழுக்காடு சொச்சம். வேகத்தில் வித்தியாசம் தோராயமாக, நாட் என்னும் வேக அலகில், மூன்றுதான் இருந்திருக்கும். அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பேலட் எங்கே ஏறியது என்று நீங்கள் எழுதவில்லை. கடைசியில் வரும் சரக்கு பெரும்பாலும் கடைசியில் காலியாக இருக்கும் இடத்துக்குத்தான் போகும். அந்த இடம் வால் பக்கம் என்றால் விஷயமே வேறு.

1997 ஆகஸ்ட் 7, மயாமி. ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம். ஒரு விமானத்துக்கென்று போட்ட சரக்குத் திட்டம், விமானம் மாறியதும் இன்னொன்றுக்கு வந்தது. பேலட்டுகள் ஏறிய விதத்தில் எடை மையம் காகிதத்தில் இருந்ததைவிடப் பின்னால் போய்விட்டது, ட்ரிம்மோ (மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு) காகிதத்தை நம்பி வைக்கப்பட்டிருந்தது. மூக்கைத் தூக்கியதும் அது தூக்கிக்கொண்டே போனது. உள்ளே இருந்த நால்வரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். எடையில் ஐந்து விழுக்காடு பிசகினால் ஓடுபாதை கொஞ்சம் நீளும். இடத்தில் பிசகினால் விமானம் உங்கள் கைக்கு அடங்காது.

என் கதை ஒன்று. எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது வேண்டாம். இரவு, மழை விட்ட நேரம். லோட்மாஸ்டர் ஓரங்கள் நனைந்த லோடு ஷீட்டை நீட்டினார், வழக்கம்போல டார்ச்சை வாயில் கவ்வியபடி. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எடை மையம் நன்றாக முன்பக்கம் என்றது தாள். பிறகு சும்மா காற்று வாங்க இறங்கி மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சக்கரத்துக்கு மேலே பளபளவென்று ஒரு தண்டு தெரியும் இல்லையா, எண்ணெயும் காற்றும் அடைத்த அந்த அதிர்வுதாங்கியின் உள்தண்டு? மூக்கில் பாரம் இருந்தால் அது உள்ளே அமுங்கி விரல் அகலத்துக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு சாண் தெரிந்தது, ஈரத்தில் விளக்கு பட்டு மின்னிக்கொண்டு. தாள் 'மூக்கு கனம்' என்கிறது, தண்டு 'இல்லை' என்கிறது. மறுபடி கதவைத் திறக்கச் சொன்னேன். இரண்டு பேலட் இடம் மாறி ஏறியிருந்தது, கனமானது பின்னால்.

தண்டின் நீளம் அளவுகோல் அல்ல. காற்றழுத்தம் கூடக் குறைய இருந்தாலும் மாறும். அதை வைத்து எடை மையம் கணக்குப் போட்டால் என்னைத் திட்டுவார்கள். ஆனால் அது காகிதத்துக்கு வெளியே இருந்து வந்த ஒரு சாட்சி. 25 நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம். இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை, கவனியுங்கள். நான் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தேன். காற்று வாங்க ஆசைப்படாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேறு யாராவதுதான் பதில் எழுதியிருப்பார்கள்.

அன்றில் இருந்து ஒரு பழக்கம். பேனாவைச் சட்டைப் பையில் மூடியோடு வைத்திருப்பேன். லோடு ஷீட்டில் விமானப் பதிவெண், பயண எண், தேதி, எடிஷன் எண், எரிபொருள், மொத்த எடை, எடை மையம், இந்த வரிசையில் கட்டைவிரலை வரியாக நகர்த்திப் படிப்பேன். எல்லாம் முடிந்த பிறகுதான் பேனா வெளியே வரும். நடுவில் யாராவது கூப்பிட்டால் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். திரும்பி வந்தால் விட்ட இடத்தில் இருந்து இல்லை, மேலே பதிவெண்ணில் இருந்து. பேனா கையில் இருந்தால் கை எழுதப் பார்க்கும், அது கையின் சுபாவம். புது எடிஷன் வந்தால் பழையதன் குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டு உறைக்குள் தள்ளுங்கள், கண்ணில் படும் இடத்தில் ஒரே எடிஷன்தான் இருக்க வேண்டும். கடைசி நிமிட மாற்றத்தை எத்தனை கிலோ வரை பழைய தாளிலேயே திருத்தலாம் என்று உங்கள் மேனுவலில் ஒரு வரம்பு இருக்கும். அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள்.

எரிபொருள் விஷயம். லிட்டர், கிலோ, பவுண்டு என்றாலே 1983 ஜூலை 23 ஏர் கனடா 767இன் கதையை எல்லோரும் சொல்வார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்து கனடாவின் கிம்லியில் கிளைடர் மாதிரி இறங்கியது, சொல்லிச் சொல்லிப் புளித்த கதை. அதில் எனக்குப் பிடித்த, பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: அவர்கள் பெருக்கல் சரி. லிட்டரை 1.77ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். கிலோவுக்கு 0.8 போட்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் பெருக்கல் சரியாகவே வரும், ஏனென்றால் தவறு பெருக்கலில் இல்லை.

உங்கள் 1,850 லிட்டர் சுமார் 1,480 கிலோ. வித்தியாசம் 370 கிலோ. உங்கள் ரக விமானத்துக்கு அது ஏறக்குறைய அரை மணி நேரப் பறப்பு. சர்வதேச விதி உங்களுடையதைப் போன்ற டர்பைன் விமானத்துக்குக் கடைசி இருப்பாக வைக்கச் சொல்வதும் 30 நிமிடம்தான். ஆக, ஒரு கட்டம் தள்ளி எழுதிய எண், கடைசி இருப்பு முழுவதையும் தாளில் மட்டும் இருக்கும் எண்ணெயாக்கிவிட்டது. இதற்கும் அதே மருந்துதான். ரசீதைப் பார்க்கும் முன், வந்திறங்கியபோது மானியில் இருந்தது எவ்வளவு, எனக்குத் தேவை எவ்வளவு, ஆக நிரப்ப வேண்டியது எத்தனை கிலோ, அது எத்தனை லிட்டராக வரும் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ரசீது அதோடு ஒத்துவர வேண்டும், கடைசியில் மானியும் ஒத்துவர வேண்டும். அலகு இல்லாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள், உங்கள் துண்டுக் காகிதத்தில்கூட.

கோ-பைலட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அவர் உங்கள் வேலையைக் காப்பாற்றினார், நீங்கள் வாயை அடைத்தீர்கள். அடுத்த முறை அவர் யோசிப்பார், 'சொல்லலாமா, இன்றைக்கு மூட் எப்படி' என்று. அடுத்த பயணத்தில் காக்பிட்டில் உட்கார்ந்ததும் சொல்லுங்கள், அன்றைக்கு நான் பேசியது தப்பு, நீங்கள் பிடித்தது சரி என்று. நீட்டி முழக்க வேண்டாம். கூடவே ஒன்று கேளுங்கள்: இனி வேகத்தையும் எரிபொருளையும் அவர் தனியாக, உங்கள் எண்ணைப் பார்க்காமல் போடட்டும். இருவரும் போட்ட பிறகு வாய்விட்டுச் சொல்லி ஒப்பிடுங்கள். நீங்கள் படித்துக்காட்ட அவர் தலையாட்டுவது சரிபார்ப்பு இல்லை, அது துணைக்கு ஆள்.

மூன்றாவது தவறு இரவு ஓட்டுபவர்களுக்கென்றே செய்த பொறி. மூன்று நாள் கெடு உள்ள 'பி' வகைப் பழுதில், கண்டுபிடித்த நாள் கணக்கில் வராது. 26ஆம் தேதி எழுதினால் 29 நள்ளிரவு வரை ஓட்டலாம். பகலில் வேலை செய்பவருக்கு 29 என்றால் 29. நமக்கு 29 இரவு பத்து மணிக்கு வேலை தொடங்குகிறது, இரண்டாவது செக்டாருக்குள் 30 பிறந்துவிடுகிறது. வேலைக்கு நடுவில் தேதி மாறும் தொழில் இது. போதாததற்குத் தாளில் சர்வதேச நேரமா, கைக்கடிகாரத்தில் உள்ளூர் நேரமா என்ற குழப்பம் வேறு. எந்த நேரத்தைக் கணக்கில் கொள்வது என்று உங்கள் கம்பெனி மேனுவலில் இருக்கும், பாருங்கள். டெக் லாகைத் திறந்ததும் "இப்போது கெடு முடிந்ததா" என்று கேட்காதீர்கள், "இன்றிரவு என் கடைசிச் செக்டார் இறங்கும்போது இது செல்லுமா" என்று கேளுங்கள். தவிர, இந்தத் தவறு உங்கள் ஒருவருடையது இல்லை. பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் இந்தக் கெடுவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அங்கேயும் ஓட்டை இருக்கிறது, நீங்கள் சொல்லாதவரை அது அப்படியே இருக்கும்.

வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு), பறப்புத் திட்டம் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: கிளம்பும் நேரம் 30 நிமிடத்துக்கு மேல் தள்ளினால் பறப்புத் திட்டத்தையும் திருத்த வேண்டும், அவசரத்தில் எல்லோரும் மறப்பது இது.

ஆனால் கேட்காத இன்னொரு காகிதத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆபத்தான சரக்கு பற்றிக் கேப்டனுக்குத் தரும் அறிவிப்பு, நோட்டாக். லோடு ஷீட்டுக்கு அடியில் வரும், அதற்கும் ஒரு கையெழுத்து. தனியாக அடுக்கி வரும் லித்தியம் அயனி மின்கலங்களை, யு.என். 3480 என்ற வகை எண் கொண்டவற்றை, பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரல் 1 முதல் விதி. மின்னேற்றமும் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பயணிகள் விமானம் தொடாததெல்லாம் நம்மிடம்தான் வருகிறது. அதனால் இந்தத் தாளில் எந்தப் பொருள் என்பதோடு எந்த இடத்தில் என்பதையும் படியுங்கள். புகை வந்தால் அந்த இடம் முன்னாலா பின்னாலா என்று அப்போது தேட நேரம் இருக்காது.

1996 மே 11 அன்று ஃபுளோரிடாவில் விழுந்த வேல்யூஜெட் விமானத்தில் ஐந்து பெட்டி ஆக்சிஜன் கலன்கள் இருந்தன. கூட வந்த சீட்டில் 'காலி' என்று எழுதியிருந்தது. அவை காலி இல்லை, தீப்பிடித்தன. 110 பேர் போனார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது கேப்டன் வேலை இல்லைதான். ஆனால் பழைய கலன் 'காலி' என்று யார் பார்த்துச் சொன்னது என்று கேட்கலாம். பதில் இழுத்தால் பெட்டி கீழேயே இருக்கட்டும்.

சரி, அந்த நான்காவது விஷயம்.

எடிஷன் 1ஐக் கிழித்துவிட்டு, இறங்கிய பிறகு எடிஷன் 2இல் கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் கடந்து போகிறீர்கள். மற்ற மூன்றும் களைத்த மனிதன் செய்த பிசகு. இது அப்படி இல்லை. விழித்திருந்த மனிதன் யோசித்துச் செய்தது. புறப்பாட்டுத் தயாரிப்புப் படிவங்களை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்று சர்வதேச விதி சொல்வது அலமாரியை நிரப்ப இல்லை. அந்தத் தாள் அன்றிரவு நீங்கள் எந்த எடையை நம்பிப் பறந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது அது பொய் சொல்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது 1,140 கிலோ என்று நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என்ன செய்வது? பாதுகாப்புப் பிரிவுக்கு ஓர் அறிக்கை எழுதுங்கள். மூன்று தவறும், தாள் மாற்றியதும், நான்கும் இருக்கட்டும். அதை அனுப்பும் முன் தலைமை விமானியை நேரில் பாருங்கள். வேறு யார் மூலமாகவும் அவர் காதுக்குப் போகக் கூடாது. தானாக முன்வந்து சொல்லும் தவறுக்குத் தண்டனை தராத அமைப்பு இருக்க வேண்டும் என்பது இன்று உலகம் ஒத்துக்கொண்ட கொள்கை. ஆனால் நான் உங்களுக்கு இனிப்புத் தடவிச் சொல்லப்போவதில்லை. அந்தப் பாதுகாப்பு பிசகுக்கு உண்டு, வேண்டுமென்றே தாளை மாற்றியதற்கு உண்டா என்பது நிர்வாகம் முடிவு செய்ய வேண்டியது. கொஞ்ச நாள் வலது இருக்கையில், கோ-பைலட்டாக, உட்காரச் சொல்லலாம். மேற்பார்வையில் பறக்கச் சொல்லலாம். சங்கம் இருந்தால் போகும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அறிக்கையில் 35 நிமிடத் தரை நேரத்தையும் நான்கு செக்டாரையும் எழுதுங்கள், சாக்காக இல்லை, தகவலாக. உங்கள் இடத்தில் நாளை உட்காரப்போகிறவருக்கும் அதே 35 நிமிடம்தான்.

செக் ரைடுக்கு முன்பா பின்பா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடைசி வரியை அதற்காகத்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். முன்பு. தேறிய பிறகு போய்ச் சொன்னால், தேறும் வரை காத்திருந்தான் என்றுதான் படும்.

இன்னொன்று, "யாருக்கும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கிழித்தது உங்கள் பிரதியை. கையெழுத்துப் போட்ட எடிஷன் 1இன் இன்னொரு பிரதியைக் கதவு மூடும் முன் கீழே கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளம்பிய நிலையத்தின் கோப்பில் அது இன்னும் இருக்கும், உங்கள் கையெழுத்தோடு. தலைமை விமானியைப் பார்க்கப் போகும்போது அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.